தெபோசிதொ, தெபொசீதொ, தெபொசிதோ

முனிர்காவில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரும் பார்க்கிங்கும் எப்போதும் தகராறுதான். ஆனால் ஒரு விஷயத்தில் நாங்கள் பணக்காரர்கள். முன்னால் அவுட்டர் ரிங் ரோடு, பின்னால் ஜே.என்.யூ. எந்த பாஷைக்கு டியூஷன் வேண்டுமென்றாலும் நாலு சந்து நடந்தால் ஆள் கிடைத்துவிடும். சீனம், பாரசீகம், ஜெர்மன் எல்லாம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும். எங்களுக்குக் கிடைத்தது ஸ்பானிஷ். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிற மணிப்பூர்ப் பெண், எம்.ஏ. படிக்கிறவள், வாரம் இரண்டு நாள் என் மகளுக்குச் சொல்லித் தருகிறாள்.

ஏன் ஸ்பானிஷ் என்று கேட்பீர்கள். தங்கமணியும் அதையேதான் கேட்டாள். ஆறாம் வகுப்பில் மூன்றாம் மொழியாகப் பள்ளியில் கொடுத்தது சமஸ்கிருதம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். தமிழ் கிடையாது. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே ராமகிருஷ்ணபுரத்திலேயே இருக்கிறது, அங்கே தமிழ் உண்டு. ஆனால் எனக்கு மும்பையிலிருந்து மாற்றல் வந்தது நவம்பர் மாதம். மாற்றலில் வருகிற வங்கிக்காரன் பள்ளிக்கூடம் தேடுவது எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரியும். கிடைத்த இடத்தில் சேர்ப்பான்.

நான் படித்தது பி.காம். இலக்கணத்துக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மகளுடைய நோட்டில் நம் தொழில் சார்ந்த ஒரு சொல்லைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வங்கியில் போடும் டெபாசிட். ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான், நான்கு அசை: தெ, பொ, சி, தொ. இரண்டாவது அசையை அழுத்தினால் 'வைப்புத்தொகை'. மூன்றாவதை அழுத்தினால் 'நான் டெபாசிட் செய்கிறேன்'. நான்காவதை அழுத்தினால் 'அவன் டெபாசிட் செய்தான்'. எழுத்து ஒன்றுதான். அழுத்தக்குறி எந்த உயிரின் தலையில் நிற்கிறது, அல்லது நிற்கவே இல்லை என்பதை வைத்து, பணம் யாருடையது, எப்போது கட்டியது என்பதெல்லாம் மாறிவிடுகிறது. இப்படி ஒரு வவுச்சர் என் மேஜைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தமிழ்க் காதுக்கு இது ஏன் கஷ்டம்? தமிழில் அழுத்தத்தை எங்கே போட்டாலும் பொருள் மாறாது. 'படித்தான்' என்பதை எப்படி அழுத்திச் சொன்னாலும் அவன் படித்தான்தான். நமக்குப் பொருளை மாற்றுவது நீளம். கல், கால். படி, பாடி. ஸ்பானிஷில் நீளத்தால் பொருள் மாறாது, ஆனால் அழுத்தம் விழும் உயிர் கொஞ்சம் நீண்டு ஒலிக்கும். அந்தக் கொஞ்சத்தை நம் காது பிடித்துக்கொள்கிறது. அதனால் மகளுக்கு ஒரு குறுக்கு வழி சொன்னேன். அழுத்தம் விழும் இடத்தில் நெடில், மற்ற இடமெல்லாம் குறில் என்று தமிழில் எழுதிக்கொள். தெபோசிதொ (வைப்பு), தெபொசீதொ (செய்கிறேன்), தெபொசிதோ (செய்தான்). டீச்சர் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மகள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "அங்கிள், கரெக்டா வருது, எப்படி?" என்று இந்தியில் கேட்டாள்.

இந்த வழி வேலை செய்வதற்குக் காரணம் ஒரு இத்தாலியர். பழைய ஓலைகளில் எ, ஏ இரண்டுக்கும் உருவம் ஏறக்குறைய ஒன்றுதான், ஒ, ஓ-வும் அப்படியே. குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். படிக்கிறவன் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். 1680-இல் பிறந்து, முப்பது வயதை ஒட்டித் தமிழகம் வந்த வீரமாமுனிவர்தான் நெடிலுக்குத் தனி உருவம் கொடுத்துப் பிரித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் என் மகளுடைய தெபொசீதொவும் தெபொசிதோவும் கடைசி எழுத்தில் ஒன்றாகவே தெரிந்திருக்கும். (தமிழ்ச் சொல் எதுவும் ஒகரக் குறிலில் முடியாது, 'நொ' என்ற ஒரே சொல்லைத் தவிர. இலக்கணப் புலிகள் மன்னிக்க, இது ஸ்பானிஷ்.)

இந்த உற்சாகத்தில் அலகிட்டும் பார்த்தேன். நேர், நிரை, தேமா, புளிமா ஞாபகம் இருக்கிறதா? குறிலோ நெடிலோ தனியாகவோ ஒற்றோடோ வந்தால் நேர். இரண்டு குறில், அல்லது குறிலும் நெடிலும் இணைந்து வந்தால் நிரை. வந்/தான் தேமா, படித்/தான் புளிமா, ஓ/டினான் கூவிளம், எழு/தினான் கருவிளம். இதே முறையில் தெபொ/சீ/தொ என்பது நிரை நேர் நேர், அதாவது புளிமாங்காய். சரி, தனியாகத் தெரிகிறது. ஆனால் தெபோ/சிதொ நிரை நிரை. தெபொ/சிதோவும் நிரை நிரை. வைப்புத்தொகையும் 'அவன் கட்டினான்' என்பதும் ஒரே கருவிளத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. நம் அசை, குறிலை அடுத்து வரும் குறிலையோ நெடிலையோ சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிடும். கட்டுக்குள் எது நீளம் என்பது அதற்கு வேண்டாத விஷயம். ஸ்பானிஷ்காரனுக்கு அதுதான் முழு விஷயமும்.

அசை பிரிப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 'பேசு' என்பதற்கு ஸ்பானிஷில் உள்ள வினை 'அப்லார்'. (முதலில் ஒரு எச் எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள்.) 'பேசுகிறேன்' என்றால் ஆப்லொ, 'பேசினான்' என்றால் அப்லோ. தமிழன் இதை அப்/லோ என்று பிரிப்பான். அவர்கள் அ/ப்லோ என்று பிரிக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றே. ஒரு சொல்லின் தொடக்கத்தில் எது நிற்க முடியுமோ, அதுவே அசையின் தொடக்கத்திலும் நிற்கலாம். ஸ்பானிஷில் 'ப்ல' என்று சொல் தொடங்கும், அதனால் அது உடையாது. தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது, அதனால் 'ப்' பின்னால் போய் முந்தின அசையில் ஒட்டிக்கொள்ளும்.

அவர்களுக்கும் சில கூட்டொலிகள் ஆகாது. 'ஸ்த', 'ஸ்க' என்று ஸ்பானிஷ் சொல் தொடங்காது. லத்தீனில் 'ஸ்தாரெ' என்றிருந்த வினை, 'நில்' என்று பொருள், ஸ்பானிஷில் 'எஸ்தார்' ஆகி 'இரு' என்ற பொருளுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் 'எஸ்க்வேலா'. நம் ஊரில் 'இஸ்கூல்' என்று சொன்னால் சிரிக்கிறோம். டில்லியில் பாதிப் பேர் இஸ்கூல், இஸ்டேஷன் என்றுதான் சொல்கிறார்கள். மாட்ரிடில் அதே வேலையைச் செய்தவர்களுக்கு அகராதியில் இடம் கிடைத்திருக்கிறது. நாமும் லோகத்தை உலகமாக்கி, ரங்கத்தை அரங்கமாக்கியவர்கள்தானே.

வரலாற்றுக்கு வருகிறேன். ஸ்பானிஷ் வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே விழும் என்று முதலில் விதி எழுதி அச்சிட்டவர் அந்தோனியோ தெ நெப்ரிஹா. அவருடைய காஸ்தில்ய இலக்கணம் சாலமான்காவில் 1492 ஆகஸ்ட் 18 என்ற தேதியோடு வெளிவந்தது. அதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான், ஆகஸ்ட் 3 அன்று, கொலம்பஸ் கப்பலேறியிருந்தார். அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கிய புத்தகம். இதனால் எனக்கு என்ன பயன் என்று அரசி கேட்டதாகவும், நீங்கள் ஜெயிக்கப்போகும் ஜனங்களுக்கு உங்கள் பாஷையைக் கற்றுக்கொடுக்க உதவும் என்று பக்கத்திலிருந்த ஆவிலா பிஷப் பதில் சொன்னதாகவும் நெப்ரிஹாவே முன்னுரையில் எழுதுகிறார். பிஷப்புக்கு வியாபார மூளை.

ஐந்து பாகம் கொண்ட நூல். இரண்டாவது பாகம் அசையும் யாப்பும். அதில் வினைச்சொல்லின் அழுத்தத்துக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. பொது விதி: வினைக்கு அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில். விலக்கு: இறந்த காலத்தில் தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும். 'நேசித்தேன்' அமே, 'நேசித்தான்' அமோ. இவற்றில் அழுத்தம் கடைசி அசைக்குப் போகிறது. இன்னும் சில விலக்குகளும் உண்டு, அவை பாடப்புத்தக சமாசாரம்.

இந்த விலக்கு ஏன் வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லத்தீனில் 'நேசித்தேன்' என்பது அ-மா-வீ, 'நேசித்தான்' என்பது அ-மா-வித். இரண்டிலும் அழுத்தம் நடுவிலுள்ள 'மா' மேல். லத்தீனில் கடைசிக்கு முந்தின அசை நீளமாக இருந்தால் அழுத்தம் அங்கேதான் விழும். நூற்றாண்டுகள் போகப்போக வாய்ப்பேச்சில் வால் தேய்ந்தது. அமாவீ, அமாய் ஆகி, அமே ஆனது. அமாவித், அமௌத் ஆகி, அமோ ஆனது. அழுத்தம் ஒரு அடி கூட நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் இருந்ததெல்லாம் உதிர்ந்துபோக, அதுவே கடைசி ஆள் ஆகிவிட்டது. எங்கள் பாஷையில் சொன்னால் இது தேய்மானம். கட்டடம் தேயும், நிலம் தேயாது.

எதிர்காலம் வேறு மாதிரி. 'நேசிப்பேன்' என்பது அமரே. இது 'நேசிக்க' என்ற அமாரோடு, 'எனக்கு உண்டு' என்று பொருள்படும் 'ஏ' என்ற துணைவினை ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லானது. அழுத்தம் அந்த ஒட்டிய துணைவினை மேல் விழுகிறது. இதைப் படித்ததும் என் மனசு நேராக 'வந்துட்டேன்' என்பதற்குத்தான் போயிற்று. வந்து, விட்டேன் இரண்டும் ஒட்டி, நடுவில் ஒரு 'வி' காணாமல் போய், இன்றைக்கு யாருக்கும் அது இரண்டு சொல் என்ற நினைப்பே இல்லை.

எல்லா இடத்திலும் அழுத்தம் நிலமாக நின்றது என்றும் சொல்ல முடியாது. 'நேசித்துக்கொண்டிருந்தோம்' என்பது லத்தீனில் அமாபாமுஸ், அழுத்தம் 'பா' மேல். ஸ்பானிஷில் அமாபமொஸ், அழுத்தம் 'மா' மேல். நான், நீ, அவன், அவர்கள் நான்கு பேருக்கும் 'மா' மேல் இருந்ததைப் பார்த்து, 'நாங்கள்' மட்டும் தனியாக நிற்பானேன் என்று ஜனங்களே இழுத்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள். பேலன்ஸ் ஷீட் டேலி ஆக வேண்டும் என்கிற குணம் பாஷைக்கும் இருக்கிறது.

அழுத்தத்தின் சேட்டை இன்னொன்று, 'கொந்தார்' என்ற வினையில். பொருள் 'எண்ணு', 'கதை சொல்லு' இரண்டும். அழுத்தம் விழாதபோது 'கொ' கொவாகவே இருக்கிறது: கொந்தாமொஸ், எண்ணுகிறோம். அழுத்தம் விழுந்தால் தாங்காமல் உடைந்து 'க்வே' ஆகிறது: க்வேந்தொ, எண்ணுகிறேன். நம்முடைய அக்கவுண்டுக்கு அவர்கள் சொல்லும் 'க்வேந்தா'வும் இந்த வேரில் வந்ததுதான். கணக்கும் கதையும் ஒரே வேர் என்று ஆடிட்டரிடம் சொல்லிவிடாதீர்கள் :-)

1713-இல் ஸ்பானிஷ் அகாதமி தொடங்கி, 1741-இல் முதல் எழுத்திலக்கணம் போட்டார்கள். குறி எங்கே வைப்பது என்ற விதி அதன்பிறகு பல பதிப்புகளில் மாறி மாறி வந்தது. இன்றைய விதி சுருக்கமானது. சொல் உயிரிலோ ன், ஸ் என்ற மெய்களிலோ முடிந்தால் அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில். வேறு மெய்யில் முடிந்தால் கடைசியில். இதற்கு மாறினால் மட்டும் குறி. ஏன் ன்-னுக்கும் ஸ்-ஸுக்கும் மட்டும் இந்தச் சலுகை? அவை வினையின் விகுதிகள். ஆப்லஸ், பேசுகிறாய். ஆப்லன், பேசுகிறார்கள். பெயரின் பன்மைக்கும் ஸ். விகுதி ஒட்டினாலும் அழுத்தம் அசையாது, எனவே அவற்றை இல்லாத மாதிரி பாவித்துவிட்டார்கள்.

இப்போது நம் கரைக்கு. நெப்ரிஹாவின் ஐந்தாம் பாகம் வெளிமொழிக்காரர்கள் கற்பதற்காக எழுதப்பட்டது. வினைகளின் வாய்பாடு முழுவதும் அதில் இருக்கிறது. இதே வேலையைத் தமிழுக்கு முதலில் செய்தவர் அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். போர்த்துகலில் 1520-இல் பிறந்தவர், 1546-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறையில் வாழ்ந்தார், 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயல்தான். நான் திருநெல்வேலிக்காரன், எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன், எவரும் எனக்கு இந்த மனிதரைப் பற்றிச் சொன்னதில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க நூலுக்காக அவரைச் சிலருக்குத் தெரியும். அதற்கும் முன்னால், 1549 வாக்கில், போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். லத்தீன் சட்டத்தில், 1540-இல் வந்த ஜோவான் தெ பர்ரோஸின் போர்த்துக்கீசிய இலக்கணத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு, அந்தக் கடற்கரையில் ஜனங்கள் பேசிய தமிழை வினை வினையாக அடுக்கினார். கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடந்தது. 1982-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் வெர்மீர் பதிப்பித்தார். 2013-இல் ஜீன் ஹெய்ன், வி.எஸ். ராஜம் இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஹார்வர்டு வரிசையில் வந்தது.

நம்மிடம் நன்னூல் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பதவியலில் பகுதி, விகுதி, இடைநிலை எல்லாம் பிரித்து வைத்திருக்கிறது. இறந்த காலத்துக்கு த், ட், ற், இன். நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு. எதிர்காலத்துக்கு ப், வ். ஸ்பானிஷ் அழுத்தத்தால் செய்யும் வேலையை நாம் ஒரு எழுத்தைச் சொருகிச் செய்கிறோம்: படித்தான், படிப்பான். ஆனால் நன்னூல் தமிழ் பேசத் தெரிந்தவனுக்காக எழுதியது. 'வா' என்பது ஏன் 'வந்தேன்' என்றும் 'வருவேன்' என்றும் ஆகிறது என்று தெரியாதவன் முன்னால் அது ஒரு அட்டவணையை விரித்துக் காட்டாது. காட்ட வேண்டிய அவசியம் பவணந்தி முனிவருக்கு இல்லை. அண்ட்ரிக் அடிகளாருக்கு இருந்தது. முனிர்காவில் எனக்கும் இருக்கிறது.

என் மகள் ஸ்பானிஷில் 'நீ'க்கு ஒரு வடிவம், 'நீங்க'ளுக்கு ஒரு வடிவம் பிசகாமல் எழுதி மதிப்பெண் வாங்குகிறாள். அதே பெண் ஊரிலிருக்கும் ஆச்சியிடம் போனில் "ஆச்சி, நீ எப்ப வருவே?" என்கிறாள். "எப்ப வருவீய?" என்று வர வேண்டியது. ஆச்சி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பக்கத்தில் என் அக்கா இருந்தால் அன்று ராத்திரி எனக்குத் தனியாக போன் வரும். பிள்ளைக்கு மரியாதை தெரியவில்லை என்பார்கள். தெரியாதது மரியாதை அல்ல, விகுதி. வீட்டில் நானும் தங்கமணியும் அவளிடம் 'வருவே' என்றுதான் பேசுகிறோம், அவள் காதில் விழுந்த முன்னிலை வடிவம் அது ஒன்றுதான். தெருவில் கேட்க வழியில்லை, பள்ளியில் பாடமில்லை. அவளுக்குத் தமிழ் காதால் முக்கால்வாசி வந்துவிட்டது, மீதி கால்வாசி வெளிமொழிக்காரனுக்கு வருவதுபோல் கட்டம் போட்டுத்தான் வரும்.

அதனால் ஸ்பானிஷ் நோட்டையே எடுத்து, ஆறு கட்டம் இருந்த இடத்தில் தமிழுக்குப் பத்துக் கட்டம் போட்டோம். நான், நீ, நீங்கள், அவன், அவள், அவர், அது, நாங்கள், அவர்கள், அவை. ('நாம்' என்பதற்கும் வினை ஒன்றுதான் என்பதால் கட்டம் மிச்சம்.) எழுதும் வடிவம் ஒரு பக்கம், நெல்லைப் பேச்சு ஒரு பக்கம். வரு/கிறேன் நிரை நிரை, கருவிளம். எங்கள் ஊர் 'வாறேன்' நேர் நேர், தேமா. நான்கு உயிர் இரண்டாகத் தேய்ந்தபோது முதல் உயிர் நீண்டு நஷ்டத்தைக் கொஞ்சம் ஈடுகட்டியிருக்கிறது. அமாவித் அமோ ஆன கதையைச் சொல்லியிருந்ததால் இதை விளக்க வேண்டியே வரவில்லை. "இதுவும் தேய்மானமா அப்பா?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

இதுவரை பதினோரு வினை முடிந்திருக்கிறது. 'வா', 'போ' இரண்டிலும்தான் நின்றுகொண்டிருக்கிறோம். கட்டத்தில் பிரச்சினை இல்லை. ஆச்சி போனில் கூப்பிட்டு ஊருக்கு எப்போது என்றால், "மே மாசம் வாறேன்" என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் போவது கேட்பவர் இருக்கும் இடத்துக்கு. தன்மை முன்னிலைக்கு வரவும் தரவும், படர்க்கைக்குச் செல்லும் கொடையும் என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். ஸ்பானிஷில் அதே இடத்தில் 'போறேன்' என்றுதான் சொல்வார்கள், 'வொய்' என்று, ஒரே அசை, அழுத்தம் எங்கே என்ற கேள்விக்கே இடமில்லை. போன வாரப் பரீட்சையில் மகள் தமிழ் வழக்கப்படி 'வாறேன்' என்று எழுதி அரை மதிப்பெண் விட்டுவிட்டாள். டீச்சர் பெண் சிவப்பு மையில் திருத்தியிருந்தாள். நான் பக்கத்தில் பென்சிலில் ஒரு சரி போட்டேன்.